வராத டாக்டர்களுக்கு நாகையா போட்ட கையெழுத்து

ஏழாயிரம்பண்ணை
10.06.2025

அன்பு மகள் இசைவாணிக்கு, அப்பா நாகையா எழுதுவது. நானும் உன் அம்மா வேலுத்தாயும் சுகம். நீயும் சென்னையில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் நீ அப்படித்தான் சொல்லுவாய்.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். எழுத்தறிவு மையத்து டீச்சரிடம் காட்டவில்லை. காட்டினால் சிவப்பு மையில் திருத்துவார், பிறகு இது அவருடைய கடிதம் ஆகிவிடும். நேற்று பாதி எழுதினேன், மீதி இன்று. போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "சாப்டீகளா, மாத்திரை போட்டீகளா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில், டாக்டர்களுக்காக நீ தொடங்கிய மாதாந்தரத் தீக்காய வகுப்பு நடந்தது. நீ பயிற்சிக்காகச் சென்னை போன பிறகு உன் கூட்டாளி ஹரிஷ்குமார் டாக்டர்தானே நடத்துகிறார். வாசலில் பெயர் பதியும் அழகுமீனா பிரசவத்துக்குப் போய்விட்டாள். டாக்டர் எனக்குப் போன் போட்டு, "பெரியவரே, உங்களுக்குத்தான் இப்ப எழுத வருமே, வந்து உக்காருங்களேன்" என்றார். உன் அம்மா இஸ்திரி போட்ட வேட்டியை எடுத்துத் தந்தாள். "பொண்ணு பாக்கப் போறாப்புல இருக்கு" என்றாள்.

டாக்டர்கள் என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள் தாயி. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்த காலத்திலிருந்து எத்தனையோ டாக்டருக்கு முன்னால் நான் வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் அவர்கள் நின்றது இதுதான் முதல் தடவை. ஒவ்வொருவரும் கார்டைக் காட்ட, பெயரையும் பதிவு எண்ணையும் நான் எழுத, அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். யாரையும் அவசரப்படுத்த விடவில்லை. "ர" எழுதும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

சில டாக்டர்கள் தங்கள் கார்டோடு வேறு ஆள் கார்டையும் நீட்டினார்கள். "அவுகளால வர முடியலையாம், கிளினிக்குல கூட்டம். பேரை மட்டும் எழுதிக்கோங்க" என்றார்கள். நம்ம ஊர் மொய் மேசையில் இருக்கிற வழக்கம்தானே. வர முடியாதவர் மச்சானிடம் கொடுத்துவிடுவார், மொய் எழுதுகிறவர் வராதவர் பெயரையும் எழுதுவார். எழுதாமல் விட்டால் அது மரியாதை இல்லை. நான் எல்லார் பெயரையும் எழுதினேன். கையெழுத்துக்கு என்ன செய்ய என்று கேட்டேன். "நீங்களே ஒரு சுழி சுழிச்சு விடுங்க" என்றார் ஒருவர். அடுத்தவர் கையெழுத்தை நான் எப்படிப் போடுவது? எழுதியது நான் என்பதால் அந்தக் கட்டங்களில் எல்லாம் "நாகையா" என்றே போட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் வராதவர்களுக்கு உரிய சர்டிபிகேட்டையும், வகுப்பில் தருகிற பையையும் அவர்கள் கார்டைக் கொண்டுவந்தவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஒருவரையும் விடவில்லை. உன் வகுப்பில் யாருக்கும் மனக்குறை இருக்காது.

இப்படிக்கு உன் அப்பா,
நாகையா

சென்னை
16.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதி அறையில் உட்கார்ந்து சத்தம் போட்டு வாசித்தேன். பக்கத்து அறைத் தோழியிடமும் காட்டினேன். முதல் பக்கம் முடியும்வரை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில் பயந்துவிட்டேன் அப்பா.

இந்த வகுப்பை ஏன் தொடங்கினேன் என்று உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. மதுரையில் நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது நம் பக்கத்திலிருந்து வேனில் வந்து இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். முதலில் காட்டிய கிளினிக்கில் போர்வை சுற்றி அனுப்பியிருப்பார்கள். கையில் டிரிப் இருக்காது, இருந்தாலும் போதாது. மதுரை வருவதற்குள் உடம்பு வற்றிப்போயிருக்கும். அந்தக் கிளினிக்கில் டாக்டர் இருந்தார், மனசும் இருந்தது. தீக்காயத்துக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

டாக்டர்கள் படிப்பை முடித்த பிறகும் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் சொல்கிறது. எங்கள் வகுப்புக்குக் கவுன்சில் அங்கீகாரம் உண்டு. உட்கார்ந்து கேட்ட நேரம் அவரவர் கணக்கில் ஏறும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார்கள். வராதவர் கணக்கிலும் நேரம் ஏறினால் அது சர்டிபிகேட் விற்கிற கடை. தெரிந்தால் அங்கீகாரம் போகும். அங்கீகாரம் போனால் யாரும் வர மாட்டார்கள், வகுப்பு நின்றுவிடும்.

ஹரிஷ்குமாரிடம் பேசினேன். பட்டியல் ஏற்கெனவே கவுன்சிலுக்குப் போய்விட்டதாம். "யாரும் கேக்கப்போறதில்ல இசை, கண்டுக்காம விடு" என்கிறார். என்னால் முடியாது. நானே கவுன்சிலுக்கு எழுதப்போகிறேன்.

அது மொய் மேசை இல்லை அப்பா. இனிமேல் நீங்கள் அந்த மேசையில் உட்கார வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. ஆனால் வேண்டாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
இசைவாணி

ஏழாயிரம்பண்ணை
25.06.2025

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மேசையில் உட்கார வேண்டாம்" என்ற இடத்தை மட்டும் வாசிக்காமல் தாண்டினேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். "என்ன, நடுவுல மூச்சு நிக்குது? முழுசா வாசிங்க" என்றாள். வாசித்தேன். "அவ சொல்றது சரிதான். கல்யாண வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வித்தியாசம் தெரியாம உக்காந்திருக்கீக" என்றாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது.

தப்பு என்னுடையது, அதனால் யோசித்தேன். மொய் மாறி எழுதிவிட்டால் நம் பக்கம் என்ன செய்வோம்? எழுதியவனே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சரிசெய்வான். வேறு ஆளை அனுப்ப மாட்டான். ஆகவே நீ கவுன்சிலுக்கு எழுதுகிறபோது உன் கையில் அந்தச் சர்டிபிகேட்டுகள் இருக்கட்டும் என்று நானே கிளம்பினேன். யார் யார் என்று தேடவேண்டிய வேலை இல்லை. ஹரிஷ்குமார் டாக்டரிடம் இருந்த பட்டியல் நகலில் எங்கெல்லாம் நாகையா என்று இருக்கிறதோ அவர்கள்தான்.

முதலில் விருதுநகரில் பொன்னுத்தங்கம் டாக்டர். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். நர்ஸ் பிள்ளை, "என்ன செய்யுது தாத்தா?" என்றது. "எனக்கு ஒண்ணும் செய்யல தாயி, டாக்டரம்மாதான் எனக்கு ஒண்ணு செய்யணும்" என்றேன். உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசம் நானே வந்து உக்காருதேன், உங்க மககிட்டச் சொல்லுங்க" என்றார். வந்ததுக்கு என்று ரத்த அழுத்தமும் பார்த்தார். நன்றாக இருக்கிறதாம்.

சிவகாசியில் ஒரு டாக்டர் சர்டிபிகேட்டோடு பையையும் திருப்பித் தந்தார். பையை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பைக்காகக் கவுன்சில் கோபப்படாது. சாத்தூரில் ஒருவர் முதலில் முகத்தைத் தூக்கினார், பிறகு காபி வாங்கிக் கொடுத்தார். இப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஒன்று மட்டும் வரவில்லை.

நம்ம ஊர் பஸ் நிறுத்தத்து சீனிவாசகம் டாக்டர். கம்பெனிகளில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் வேன் நிற்பது அவர் வாசலில்தான், உனக்கே தெரியும்.

"என்னய்யா நாகையா, பேனா பிடிக்கத் தெரிஞ்சதும் ஊரையே வேலை வாங்குறியாமே" என்றார்.

"வாங்கல டாக்டரய்யா. தப்பா எழுதிட்டேன், திருத்த வந்தேன்."

"நீ எழுதுன, நீயே சுமந்துக்கோ. உன் மக தொட்டில்ல கெடந்தப்பவே நான் ஊசி போட்டவன். அவ எனக்கு வகுப்பு எடுக்கப் போறாளா?"

"அவ எடுக்கல அய்யா. மதுரையில இருந்து வேற டாக்டருக வந்து எடுக்காக."

"அன்னைக்கி ஞாயித்துக்கெழமை, இந்த வாசல்ல காய்ச்சல்காரன் எம்புட்டுப் பேரு கெடந்தான் தெரியுமா? அவுகள விட்டுட்டு வந்து நாற்காலியில உக்காந்திருக்கணும், அப்படித்தானே?"

அவர் சொன்னதும் நிசம்தான். "சர்டிபிகேட்டைக் குடுத்திருங்க அய்யா" என்று மட்டும் திரும்பச் சொன்னேன். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி மணியை அடித்துவிட்டார்.

வந்து சேர்ந்தவற்றை உன் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். விலாசத்தை நானே எழுதினேன். தபால் ஆபீஸ் அம்மா ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

இப்படிக்கு உன் அப்பா,
நாகையா

சென்னை
05.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தபால் வந்தது. எல்லாவற்றையும் இணைத்துக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன். சீனிவாசகம் டாக்டருடையது மட்டும் கைக்கு வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

பதிலும் வந்துவிட்டது. வராதவர்களுக்கு ஏறிய நேரத்தை எடுத்துவிட்டார்கள். விசாரித்து முடிக்கும்வரை எங்கள் வகுப்புக்கு அங்கீகாரம் நிறுத்தி வைப்பு. அதாவது, ஜூலை வகுப்பில் உட்கார்ந்தால் யார் கணக்கிலும் ஒரு நிமிடம்கூட ஏறாது. எங்கள் விளக்கத்தைப் பார்த்துத்தான் திருப்பித் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

ஹரிஷ்குமார் கொதிக்கிறார். "சும்மா இருந்தா சும்மா இருந்திருக்கும். இப்போ காலி ஹாலுக்கு மைக் கட்டணுமா? இந்த மாசம் வேண்டாம்" என்கிறார். நிறுத்தினால் மறுபடி தொடங்குவது நடக்காது அப்பா, எனக்குத் தெரியும். நடத்தியே தீருவேன் என்று சொல்லிவிட்டேன். மதுரையிலிருந்து சுகிர்தா டாக்டர் பாடம் எடுக்க வருகிறேன் என்றார். எனக்கு வார்டில் டூட்டி, வர முடியாது. அவ்வளவு தூரம் வருகிற பெண் யாருக்கு முன்னால் பேசப்போகிறாள் என்றுதான் பயமாக இருக்கிறது.

சீனிவாசகம் டாக்டர் எனக்குப் போன் செய்தார். "உங்கப்பனை டோக்கன் எடுக்க வச்சு என்னைக் கேள்வி கேக்கியா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

இந்த முறை மேசை கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நீங்கள் போக வேண்டிய அவசியம் இல்லை. வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் மகள்,
இசைவாணி

ஏழாயிரம்பண்ணை
15.07.2025

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது.

மேசையில் உட்காரக் கூடாது என்றுதான் நீ சொன்னாய். ஹாலில் உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

காலை பஸ்ஸில் போய் இறங்கியபோது ஹரிஷ்குமார் டாக்டர் வாசலில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க பெரியவரே, நீங்களாச்சும் வந்தீகளே" என்றார். உள்ளே நாற்காலி எல்லாம் காலி. பொன்னுத்தங்கம் டாக்டர் சொன்னபடி வந்திருந்தார், தன்னோடு இன்னொரு டாக்டரம்மாவையும் கூட்டி வந்திருந்தார். சாத்தூரில் காபி வாங்கித் தந்தவர் வந்தார். இன்னும் சில பேர். முன் வரிசைகூட நிறையவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என்னால் ஒரு வரிசை கூடுதலாகத் தெரியும்.

சுகிர்தா டாக்டர் உன் வயசுதான் இருக்கும். கூட்டத்தைப் பார்த்துவிட்டு மைக்கை ஓரமாக வைத்தது. "நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கோங்க, சும்மா பேசுவோம்" என்றது. தீக்காயம் பட்டவர் எடை என்ன, உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது, அதை வைத்து ஒரு நாளைக்கு எவ்வளவு டிரிப் ஏற்ற வேண்டும் என்று படம் போட்டுச் சொன்னது. அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டுமாம். நான் வேன் வேனாகப் பார்த்திருக்கிறேன் தாயி. அந்தக் குழாய்க்குள் இவ்வளவு கணக்கு ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு சீனிவாசகம் டாக்டர் வந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம், "எங்கவே கையெழுத்து?" என்றார்.

"இன்னைக்கிக் கையெழுத்து இல்ல டாக்டரய்யா. எதுவும் ஏறாது."

"பெறகு என்ன மயித்துக்கு எல்லாரும் உக்காந்திருக்கீக?" என்றார். நான் பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டேன். அதையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

அந்தப் பிள்ளை பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம்மா. எட்டு மணி நேரம், எட்டு மணி நேரம்னு சொல்லுதியே. அது எப்பத்துல இருந்து?"

"தீப்பட்ட நேரத்துல இருந்து சார்."

"நம்ம கிளினிக்குக்கு வந்த நேரத்துல இருந்து இல்லையா?"

"இல்ல சார். வேன் கிடைக்காம நின்னது, ரோட்டுல வந்தது எல்லாம் அந்த எட்டுல போயிரும். லேட்டா வந்தா மிச்ச நேரத்துல வேகமா ஏத்தணும்."

சீனிவாசகம் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வேன் என் வாசல்ல வந்து நின்ன நேரத்துல இருந்துதாம்மா நான் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். இம்புட்டு நாளும்" என்றார்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. பொன்னுத்தங்கம் டாக்டர் மெதுவாக, "நானுந்தான் சார்" என்றார். சாத்தூர்க்காரரும், "எனக்கும் அது சந்தேகமாத்தான் இருந்துச்சு, கேக்கக் கூச்சப்பட்டு விட்டுட்டேன்" என்றார். ஹரிஷ்குமார் டாக்டரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. கேள்விமேல் கேள்வி. குழந்தை என்றால் எவ்வளவு, புகை குடித்தவர் என்றால் என்ன, மதுரைக்கு அனுப்புகிற சீட்டில் எதை எதை எழுத வேண்டும். சீனிவாசகம் டாக்டர் சட்டைப் பையைத் தடவி ஒரு தாளை எடுத்தார். பார்த்தால் ஜூன் மாதச் சர்டிபிகேட். எனக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார். அதன் முதுகில் அந்தக் கணக்கை எல்லாம் எழுதிக்கொண்டார். "இதை இனி உன்கிட்டக் குடுக்க முடியாது நாகையா. பின்பக்கம் எனக்கு வேணும்" என்றார். கவுன்சில் கேட்டால் முன்பக்கத்தைக் கோடு போட்டு அடித்துக் காட்டிவிடுவாராம்.

சாப்பாட்டு நேரம் எப்போதோ போய்விட்டது. புரோட்டா ஆறி அப்பளமாகிவிட்டது. ஒருவரும் குறை சொல்லாமல் பிய்த்துத் தின்றார்கள். ஹரிஷ்குமார் டாக்டர் என்னிடம் வந்து, "அடுத்த மாசமும் நடத்துவோம்னு இசைகிட்டச் சொல்லிருங்க" என்றார். அவரே சொல்லலாம். ஆனால் நான் எழுதினால்தான் நீ நம்புவாய் என்று தெரிந்திருக்கிறது.

நீ பயந்தபடி ஹால் காலிதான். ஆனால் வகுப்பு நடந்தது தாயி.

இப்படிக்கு உன் அப்பா,
நாகையா

சென்னை
29.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அங்கீகாரம் திரும்பி வந்துவிட்டது. ஆகஸ்டிலிருந்து நேரம் ஏறும். உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை ஒவ்வொருவரும் தங்கள் போனைக் காட்டிப் பதிய வேண்டும், கையெழுத்தும் அவரவர் போட வேண்டும் என்று நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான்.

விசாரித்த அதிகாரி போனில் ஒன்று சொன்னார். "ஏமாத்தணும்னு நினைக்கிறவன் அடுத்தவன் கட்டத்துல தன் பேரையே எழுதுவானாம்மா?" என்றார். உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் எங்களை நம்பியிருக்கிறார்கள்.

நீங்கள் எழுதிய ஜூலைக் கடிதத்தை வார்டில் பேராசிரியருக்கு வாசித்துக் காட்டினேன். மேசையில் உட்கார வேண்டாம் என்று எழுதினேன் இல்லையா? அதை நேரில் சொல்லியிருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தியிருப்பேன். கடிதம் என்பதால் எழுதிவிட்டேன்.

ஆகஸ்டிலிருந்து மேசைக்கு நீங்களே வர வேண்டும். எனக்கு வேறு யாரும் வேண்டாம்.

உங்கள் மகள்,
இசைவாணி

ஏழாயிரம்பண்ணை
04.08.2025

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாக வாசித்தேன். எந்த வரியையும் தாண்டவில்லை. மேசைக்கு நீங்களே வர வேண்டும் என்ற இடத்தை அவள் கேட்காமலே இரண்டு தடவை வாசித்தேன். மனசு நிறைந்துவிட்டது தாயி. இது போதும்.

ஆனால் மேசைக்கு நான் வரவில்லை. கோபம் என்று நினைக்காதே. இனி அங்கே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. அவர்களே போனைக் காட்டி, அவர்களே கையெழுத்துப் போடுகிறார்கள். யார் வந்தார், யார் நடுவில் நழுவினார் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார ஓர் ஆள்தான் வேண்டும். கல்யாண வீட்டில் யார் சாப்பிடாமல் போனார், யார் இரண்டு பந்தி உட்கார்ந்தார் என்று சொல்ல உன் அம்மாவை விட்டால் ஆள் ஏது? கேட்டேன். "டாக்டராவது கலெக்டராவது, பாதியில எந்திரிச்சா நான் விட மாட்டேன்" என்றாள். ஹரிஷ்குமார் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் பயந்த மாதிரி தெரிந்தது.

எனக்குக் கடைசி வரிசையில் என் நாற்காலி இருக்கிறது. இந்த மாதம் மூச்சுக்குழாய்க்குள் புகை போனவர்களைப் பற்றிச் சொல்லப்போகிறார்களாம். போன வகுப்பில் எனக்குப் பாதி புரியவில்லை, பக்கத்தில் இருந்த சீனிவாசகம் டாக்டரைக் கேட்டால் அவர் "சும்மா கேளும்வே, எனக்கே இப்பத்தான் புரியுது" என்கிறார். உள்ளே இவ்வளவு நடக்கும்போது வெளியே உட்கார்ந்து பெயர் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

இப்படிக்கு உன் அப்பா,
நாகையா